கால் தரையை விட்டு எழும்பல: பார்க்கின்சனா, தலையில தண்ணியா?

கொருக்குப்பேட்டை மருமகன் | 09.11.2025, இரவு 10.40

மாமனாருக்கு 74. பெரம்பூர் ரயில்வே கேரேஜ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷத்துலருந்து நடை குறைஞ்சுகிட்டே வருது. குட்டி குட்டியா அடி வைக்கிறார், திரும்பும்போது தடுமாறுறார். பார்க்கின்சன்னு சொல்லி சின்டோபா குடுத்தாங்க, மாசக்கணக்கா சாப்பிட்டும் ஒரு மாத்தமும் இல்ல. ராத்திரி பாத்ரூம் போறதுக்குள்ள வேட்டி நனைஞ்சிடுது, அதுக்கு ப்ராஸ்டேட் மாத்திரை. இப்ப மறதிக்குன்னு தனியா ஒண்ணு. சி.டி. ரிப்போர்ட்ல வயசுக்கேத்த மூளைச் சுருக்கம்னு போட்டிருக்கு. நேத்து வந்த பிசியோ பையன், இது தலையில தண்ணி சேர்ற வியாதியா இருக்கலாம், ஆபரேஷன் இருக்குங்கறான். 74 வயசுல மண்டையில ஓட்டை போடறதா? மச்சான் அந்தப் பையனை இனிமே வர வேணாம்னுட்டார். யாருக்காவது அனுபவம் இருக்கா?

காசிமேடு கருவாடு | 10.11.2025, காலை 6.15

பிசியோவை நிறுத்தாதீங்க. மச்சானை வேணா கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க.

நடை, மூத்திரம், மறதி மூணுக்கும் தனித்தனியா மூணு மாத்திரை ஓடுதுன்னா, மூணும் ஒரே இடத்துலருந்து வருதான்னு யாராவது ஒரு தடவை கேட்டே ஆகணும். அந்தப் பையன் கேட்டிருக்கான். எங்க வீட்லயும் இதே கதை. ஏலத்துக்கு நேரமாச்சு, ராத்திரி எழுதறேன்.

காசிமேடு கருவாடு | 10.11.2025, இரவு 11.20

நான் டாக்டர் இல்ல. ஐஸ் ஃபேக்டரியில கணக்கு எழுதறவன். எங்கம்மாவுக்கு இந்த என்.பி.எச்., அதாவது நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ், பிசியோ பையன் சொன்ன அந்தத் தலையில தண்ணி சேர்ற வியாதி, இருந்துச்சு. அந்தத் தண்ணியை வடிக்கற குழாய், ஷன்ட், வெச்சாச்சு. அதனால பாத்ததை எழுதறேன்.

அம்மா காசிமேட்டுல ஏலத்துல சங்கரா, காரப்பொடி மீன் எடுத்து, கூடையில வெச்சு பழைய வண்ணாரப்பேட்டை தெருவெல்லாம் சுத்தி வித்தவங்க. அவங்க நடைக்கு நாங்க ஓடணும். அந்தக் கால் மெதுவானப்ப எல்லாரும் முட்டின்னு சொன்னோம். முட்டி வலி இருந்தது நெஜம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பாத்து தேய்மானம்னார், அதுவும் நெஜம். அறுபதைத் தாண்டின எந்தம்மாவுக்கு முட்டி தேயல? ஆனா முட்டி வலிக்கிறவங்க வலிச்சு நொண்டுவாங்க. அம்மா நொண்டல. ரெண்டு காலையும் அகட்டி வெச்சு, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, தரையிலருந்து தூக்காம தேச்சுக்கிட்டே போனாங்க. "கால்ல கோந்து தடவுன மாதிரி இருக்குடா"ன்னு அவங்களே சொன்னாங்க. செருப்பு கழண்டு பின்னாடியே நின்னுடும், அவங்க முன்னாடி போயிடுவாங்க. அதைப் பாத்து பேரப்பசங்க சிரிக்கும், அம்மாவும் சேந்து சிரிப்பாங்க.

கட்டில்ல படுத்துக்கிட்டு காலைச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டச் சொன்னா நல்லா ஆட்டுவாங்க. பலம் இருக்கு. எழுந்து நின்னு முதல் அடி வைன்னா அடி வராது. நியூரோ டாக்டரம்மா இதைத்தான் முதல்ல செஞ்சு பாத்தாங்க. முட்டியைத் தொடக்கூட இல்ல.

மூத்திரத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. சுகர்னு ஒருத்தர், கர்ப்பப்பை இறங்கியிருக்கும்னு ஒருத்தர். ஆம்பளைன்னா ப்ராஸ்டேட்னு சொல்லியிருப்பாங்க, உங்க வீட்ல சொல்லியிருக்காங்க. ஆரம்பத்துல கசியறதில்ல இது. வந்தா அடக்க முடியாது, உடனே போகணும். நடையும் மெதுவாயிட்டா பாத்ரூம் தூரம் கூடிப்போகுது. நாங்க இருந்தது லைன் வீடு, கக்கூஸ் கடைசியில. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

மறதின்னு நாங்க சொன்னதும் வேற மாதிரி. ஆளை மறக்கல. யார் எவ்வளவு கடன் வெச்சிருக்காங்கன்னு மறக்கல. இருநூறு ரூபா நோட்டைக் குடுத்து நூத்தி முப்பதுக்கு மீன் வாங்கினா மீதி எவ்வளவுன்னு சொல்ல நேரம் எடுத்தாங்க. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல நீளமா ஒரு இடைவெளி. அப்புறம் எதுலயும் நாட்டம் இல்லாம ஒரு மாதிரி உக்காந்திருப்பாங்க. கடைசியா நனைஞ்சதைப் பத்தி வெக்கப்படறதுகூட நின்னுபோச்சு. எங்களுக்கு அதுதான் உறுத்துச்சு.

காசிமேடு கருவாடு | 11.11.2025, மதியம் 1.05

மேல எழுதினதுல ஒரு விளக்கம். நடை, அப்புறம் மூத்திரம், அப்புறம் மறதின்னு இதே வரிசையில எல்லாருக்கும் வரணும்னு இல்ல. மூணும் இருந்தாத்தான் இந்த வியாதின்னும் இல்ல. நடை மட்டும் கெட்டு மத்தது லேசா இருக்கறவங்க உண்டு. ஆனா பெரும்பாலும் நடைதான் முதல்ல. மறதி முதல்ல வந்து, நடை பல வருஷம் நல்லா இருந்து, அப்புறம் கெட்டிருந்தா டாக்டர்கள் அல்சைமர் பக்கம்தான் அதிகம் யோசிப்பாங்க. அதனால எது எப்ப ஆரம்பிச்சதுன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. பொங்கலுக்கு எப்படி இருந்தார், ஆடியில எப்படி இருந்தார், மகள் வளைகாப்புக்கு மாடி ஏறினாரான்னு இப்படி ஞாபகப்படுத்தினா வரும்.

பார்க்கின்சன் விஷயம்: ரெண்டுலயும் அடி சின்னதாகும், ரெண்டுலயும் திரும்ப கஷ்டப்படுவாங்க. பார்க்கின்சன்ல பெரும்பாலும் ஒரு பக்கம் முதல்ல ஆரம்பிக்கும், கை வீச்சு குறையும், சும்மா இருக்கும்போது விரல் நடுங்கும், கால் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கும். என்.பி.எச்.ல கால் அகண்டிருக்கும், கை வீச்சு ஓரளவு நல்லாவே இருக்கும். தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு தாண்டச் சொன்னா பார்க்கின்சன்காரங்க பல பேர் டக்குனு தாண்டுவாங்க, இவங்களுக்கு அது அவ்வளவா உதவாது. சின்டோபாவும் உதவாது, உதவினாலும் லேசாத்தான். ரெண்டு வியாதியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், அப்ப பாடு கஷ்டம். அதனால மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அதைச் சொல்ல மறந்துடப்போறேன்னுதான் சாப்பாட்டு நேரத்துல எழுதறேன்.

காசிமேடு கருவாடு | 13.11.2025, இரவு 9.50

மருமகன் சார் கேட்டது: "சி.டி.யில சுருக்கம்னு எழுதியாச்சே, அப்புறம் தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

எங்க ரிப்போர்ட்லயும் ஒரு ஸ்கேன் சென்டர் அதே வரிதான் எழுதியிருந்தது. மூளைக்குள்ள வென்ட்ரிக்கிள்னு நாலு அறை இருக்கு. அதுல மூளைத் தண்டுவட நீர் ஊறிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர். எந்த நேரத்துலயும் தலையிலயும் முதுகுத்தண்டுலயுமா சேத்து இருக்கறது 150 மில்லி அளவுதான். அப்போ ஊறறது அதே வேகத்துல ரத்தத்துல வடியணும். மூளை சுருங்கினாலும் அந்த அறை பெருசாத் தெரியும், தண்ணி சரியா வடியாம தேங்கினாலும் பெருசாத் தெரியும். வித்தியாசத்தை ஒரு டாக்டர் எனக்கு எம்.ஆர்.ஐ.யில விரல் வெச்சுக் காட்டினார். வயசுல சுருங்கின மூளைன்னா உச்சந்தலைப் பக்கம் மடிப்புகளுக்கு நடுவுல இடைவெளி விழுந்திருக்கும். எங்கம்மாவுக்கு உச்சியில மடிப்பெல்லாம் நெருக்கியடிச்சு ஒட்டியிருந்துச்சு, பக்கவாட்டுல காது மேல இருக்கற பள்ளம் மட்டும் அகலமா இருந்துச்சு. அறையும் பெருசு. இந்த மூணும் சேந்திருந்தா ரொம்ப சந்தேகப்படணும்னார்.

அளவும் இருக்கு. முன்பக்க அறையோட அகலத்தை அதே மட்டத்துல மண்டை ஓட்டோட உள் அகலத்தால வகுக்கணும். 0.3க்கு மேல போனா பெருசுன்னு அர்த்தம். இவான்ஸ் இன்டெக்ஸ்னு பேரு. அது மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, சுருக்கத்துலயும் 0.3 தாண்டும். அதனால கலோசல் ஆங்கிள்னு, ரெண்டு பக்க அறைக்கும் நடுவுல இருக்கற கோணத்தையும் பாப்பாங்க. அது 90 டிகிரிக்குக் கீழ குறுகியிருந்தா என்.பி.எச். பக்கம் சாயும். உங்க ரிப்போர்ட்ல இந்த ரெண்டு எண்ணும் இல்லன்னா நியூரோ டாக்டர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. தப்பா நினைக்க மாட்டாங்க. ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாம ஃபிலிம், சி.டி. தட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.

கூடவே நடையை மொபைல்ல எடுத்துட்டுப் போங்க. ஓ.பி.யில கூட்டத்துக்கு நடுவுல, நாற்காலிக்கும் டேபிளுக்கும் நடுவுல எவ்வளவு நடந்து காட்ட முடியும்? டாக்டரைப் பாத்தா நம்மாளுங்க வீறாப்பா வேற நடந்து காட்டிடுவாங்க. நாற்காலியிலருந்து எழுந்து, மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்காரணும். மொட்டை மாடியில சாக்பீஸ் கோடு போட்டு எடுத்தேன். திரும்பறதுக்கு எத்தனை அடி வைக்கறாங்கன்னு பாருங்க. நல்லா இருக்கறவங்க ரெண்டு மூணு அடியில திரும்பிடுவோம். அம்மா நின்ன இடத்துலயே கடியாரம் சுத்தினாங்க. பக்கத்துல ஒரு ஆள் பிடிக்கத் தயாரா நிக்கணும், வீடியோ எடுக்கறவரே பிடிக்க முடியாது.

காசிமேடு கருவாடு | 13.11.2025, இரவு 10.25

மணலி அக்கா தண்ணி குடிக்கறதைக் குறைக்கச் சொல்றாங்க, நீர்முள்ளி கஷாயம் குடுக்கச் சொல்றாங்க. அக்கா, கோவிச்சுக்காதீங்க. குடிக்கிற தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தண்ணியைக் குறைச்சா வயசானவங்களுக்கு மூத்திரத்துல கிருமி வரும், மலம் கட்டும், குழப்பம் கூடும். எங்க சித்தி ஒரு கட்டு நொச்சி இலையோட வந்து நின்னாங்க, ஆவி பிடிச்சா இறங்கிடும்னு. அம்மா ஆசையா பிடிச்சாங்க. சளி போச்சு.

இங்கிலீஷ் மருந்துலயும் இதைக் குணப்படுத்தும்னு நிரூபிச்ச மாத்திரை கிடையாது. மூத்திர அவசரத்துக்குக் குடுக்கற சில மாத்திரை வயசானவங்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

காசிமேடு கருவாடு | 16.11.2025, மாலை 4.30

மழை. ஏலம் இல்ல. நேரம் இருக்கு.

"பிரஷர் நார்மல்னா அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" இந்தக் கேள்வியை என் தங்கச்சி அப்பவே கேட்டா. நியாயமான கேள்வி. இங்க பிரஷர்னா ரத்த அழுத்தம் இல்ல, தலைக்குள்ள இருக்கற அந்த நீரோட அழுத்தம். இதைக் கண்டுபிடிச்சவர் சாலமோன் ஹக்கீம், கொலம்பியா நாட்டுல பொகோட்டாவுல இருந்த மூளை அறுவை டாக்டர். விபத்துல தலையில அடிபட்ட 16 வயசுப் பையன் ஒருத்தன். அறைகள் பெருசா இருக்கு, பிரஷர் அளந்தா நார்மல். பரிசோதனைக்குக் கொஞ்சம் நீர் எடுத்ததுமே பையன் தேறினான். இன்னும் சில நோயாளிங்களையும் பாத்துட்டு 1965ல ஆடம்ஸ் போன்றவங்களோட சேந்து எழுதினார், அதுக்கப்புறம்தான் உலகம் ஒத்துக்கிட்டது. அவர் சொன்ன விளக்கம் நம்ம பள்ளிக்கூடத்துப் பாஸ்கல் விதி: பரப்பு பெருசானா, அதே அழுத்தம்கூட அதிக விசையைக் கொடுக்கும். ஒருதடவை அறை விரிஞ்சுட்டா, நார்மல் அழுத்தமே அதைத் தொடர்ந்து விரிச்சுக்கிட்டிருக்கும். இது முழு விளக்கம் இல்லன்னு இப்ப சொல்றாங்க. வயசானவங்களுக்கு ஏன் வருதுங்கறது இன்னும் தீராத விவாதம். ராத்திரி தூக்கத்துல பிரஷர் அலையலையா ஏறும், ஒரு தடவை ஊசியில அளந்தா அது மாட்டாதுன்னும் ஒரு கட்சி. தங்கச்சிக்கு இதைச் சொன்னேன். "தீராத விவாதத்துக்கு அம்மா மண்டையா கெடச்சுது"ன்னா.

காரணம் தெரிஞ்ச வகையும் இருக்கு. மூளைக்காய்ச்சல் வந்தவங்க, தலையில அடிபட்டவங்க, மூளையில ரத்தம் கசிஞ்சவங்களுக்குப் பின்னாடி வரும். நம்ம ஊர்ல டி.பி. மூளைக்காய்ச்சலை மறக்கக்கூடாது. உங்க மாமனார் எப்பவாவது டி.பி. மருந்து சாப்பிட்டாரா, கேரேஜ்ல எங்கயாவது தலையில அடிபட்டாரான்னு கேட்டுப் பாருங்க. எங்கம்மா ஒரு தடவை வழுக்கி ஐஸ் பெட்டியில மண்டையை மோதிக்கிட்டவங்க. அதுதான் காரணமான்னு டாக்டரைக் கேட்டேன். சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொருக்குப்பேட்டை மருமகன் | 22.11.2025, இரவு 8.10

நியூரோ பாத்தார். வீடியோவை ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, கோணம் குறுகியிருக்குங்கறார். முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுத்துப் பாக்கணுமாம். மாமியார் அழறாங்க. முதுகுல ஊசி போட்டா கால் போயிடும்னு யாரோ சொல்லியிருக்காங்க.

காசிமேடு கருவாடு | 22.11.2025, இரவு 9.00

மாமியாரம்மாகிட்ட சொல்லுங்க: சிசேரியனுக்கு முதுகுல போடறதும் அதே இடத்துப் பக்கம்தான். தண்டுவடம் அதுக்கு மேலேயே முடிஞ்சிடுது. உங்க தெருவுல அந்த ஊசி போட்டுக்கிட்டு நடமாடறவங்க எத்தனை பேர்னு எண்ணச் சொல்லுங்க.

இது டேப் டெஸ்ட். மரத்துப்போற மருந்து போட்டு, இடுப்புக்குக் கொஞ்சம் மேல ஊசி இறக்கி, பிரஷர் அளந்து, 30லருந்து 50 மில்லி வரை எடுப்பாங்க. அந்த நீரை லேபுக்கும் அனுப்புவாங்க. முக்கியமான விஷயம் ஊசி இல்ல. ஊசிக்கு முன்னாடி நடையை அளந்தாங்களா, பின்னாடி அளந்தாங்களா, அதுதான். பல இடத்துல நீரை எடுத்துட்டு "எப்படி இருக்கு தாத்தா"ன்னு கேப்பாங்க, அவர் "பரவால்லப்பா"ம்பார், முடிஞ்சது டெஸ்ட்! விடாதீங்க. அளக்கலன்னா நீங்களே வராண்டாவுல அதே மூணு மீட்டர், அதே செருப்பு, அதே நாற்காலி, செகண்ட் கணக்கு. முன்னாடி ஒரு வீடியோ, அப்புறம் சில மணி நேரம் கழிச்சு, மறுநாள், அதுக்கு மறுநாள். சிலருக்கு அன்னிக்கே தெரியும், சிலருக்கு ரெண்டு மூணு நாள் தள்ளித் தெரியும். அப்புறம் நீர் மறுபடி ஊறினதும் பழைய நிலைக்கே வந்துடுவாங்க. அதுவும் எதிர்பாத்ததுதான், பயப்படாதீங்க.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, எக்கோஸ்ப்ரின், க்ளோபிடோக்ரல் மாதிரி எதாவது போட்டுக்கிட்டிருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லணும். அதை எப்ப நிறுத்தறதுன்னு இருதய டாக்டரும் நியூரோவும் பேசி முடிவு பண்ணட்டும். மச்சான் முடிவு பண்ண வேணாம்.

எங்கம்மாவுக்கு மறுநாள் காலையில வித்தியாசம் தெரிஞ்சுது. வார்டுல எழுந்து தானா பாத்ரூம் போனாங்க, நர்சம்மா பின்னாடியே ஓடினாங்க. நான் பூரிச்சுப் போயிட்டேன். டாக்டர் அமைதியா, "இது நல்ல சகுனம், அவ்வளவுதான்"னார்.

காசிமேடு கருவாடு | 30.11.2025, இரவு 10.15

மாமனாருக்கு முதல் நாள் ஒண்ணும் தெரியலன்னு எழுதியிருக்கீங்க, மூணாம் நாள் மகள் மட்டும் லேசா வித்தியாசம் தெரியுதுன்னு சொல்றாங்க, மச்சான் இல்லங்கறார். வீடியோவுல செகண்ட் என்ன சொல்லுது? குடும்ப ஓட்டெடுப்புல இதை முடிவு பண்ண முடியாது.

நடை வேகம் நல்லா கூடியிருந்தா ஷன்ட் பலன் தர வாய்ப்பு அதிகம். கூடலன்னா? அங்கதான் சிக்கல். டேப் டெஸ்ட்ல மாத்தம் தெரியாத சிலருக்கும் ஷன்ட் வெச்சப்புறம் நடை தேறியிருக்கு. அதனால ஒரு தடவை தெரியலன்னு கதவைச் சாத்த மாட்டாங்க. முதுகுல மெல்லிசு குழாய் வெச்சு ரெண்டு மூணு நாள் தொடர்ந்து நீரை வடிச்சுப் பாக்கற முறை இருக்கு. ஆஸ்பத்திரியிலேயே இருக்கணும், கிருமி தொத்தற ஆபத்து இருக்கு. படத்துல அடையாளம் பளிச்சுனு இருந்து நடையும் ஒத்துப்போனா, நேரா ஷன்டுக்குப் போகச் சொல்ற டாக்டர்களும் உண்டு. இந்த இடத்துல ரெண்டாவது ஒரு மூளை அறுவை டாக்டர்கிட்ட காட்டறது தப்பே இல்ல. நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி இருக்கு, சென்ட்ரல் எதிர்ல ஜி.எச்.ல நியூராலஜி நிலையமே இருக்கு. கேரேஜ் ஆளுன்னா பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி கார்டும் இருக்குமே.

காசிமேடு கருவாடு | 01.12.2025, காலை 5.40

பெரம்பூர் லோகோ தம்பி எழுதியிருக்கார், அவங்க ஆயாவுக்கும் இதேதான்னு நினைச்சு ஓடினாங்களாம், கடைசியில கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்தியிருக்கு, பி12 வைட்டமினும் குறைவு. இதைப் படிச்சதும் ஒரு யோசனை வந்துச்சு. நான் இவ்வளவு எழுதறதைப் பாத்து அகட்டி நடக்கற தாத்தா பாட்டி எல்லாருக்கும் தலையில தண்ணின்னு கிளம்பிடப்போறாங்க. கழுத்து, இடுப்புத்தண்டு குறுகல், சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்பு, சுகர்ல கால் நரம்பு மரத்துப்போறது, பி12 குறைவு, எல்லாத்துலயும் நடை கெடும். மீன் சாப்பிட்டே வளந்த எங்கம்மாவுக்குக்கூட பி12 பாத்தாங்க. சுவீடன்ல கோத்தன்பர்க் பக்கம் வயசானவங்களை ஆராய்ஞ்சதுல என்.பி.எச். இருக்கலாம்னு கணிச்சது 70லருந்து 79 வயசுல 0.2 சதவீதம், 80 தாண்டினவங்கள்ல சுமார் 6 சதவீதம். அபூர்வம்னும் சொல்ல முடியாது, வீட்டுக்கு வீடு இருக்குன்னும் சொல்ல முடியாது.

காசிமேடு கருவாடு | 04.12.2025, இரவு 11.45

"ஆபரேஷன் பண்ணா பழைய மாமனார் வருவாரா?"

இதுக்கு நீளமா எழுதணும். ஏன்னா எங்க வீட்டுச் சண்டையே இதுதான்.

2025 செப்டம்பர்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அமெரிக்கா, கனடா, சுவீடன்ல 99 பேர். டேப் டெஸ்ட்லயோ வடிச்சுப் பாத்தோ நடை தேறினவங்களை மட்டும் எடுத்தாங்க. எல்லாருக்குமே ஷன்ட் வெச்சாங்க. பாதிப் பேருக்கு அந்தக் குழாயில இருக்கற வால்வைத் திறந்து வெச்சாங்க, மீதிப் பேருக்கு நீர் வடியாத அளவுக்கு இறுக்கி வெச்சாங்க. யாருக்குத் திறந்திருக்குன்னு நோயாளிக்கும் தெரியாது, நடையை அளக்கறவருக்கும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு அளந்தா, திறந்தவங்களுக்கு நடை வேகம் செகண்டுக்கு 0.23 மீட்டர் கூடியிருக்கு. மூடினவங்களுக்கு 0.03. ஆரம்ப வேகமே 0.6க்குப் பக்கம்தான். நான் கணக்குப்பிள்ளை, அதனால இப்படிப் பாக்கறேன்: பத்து மீட்டர் கடக்க 17 செகண்ட் ஆனவருக்கு 12 செகண்ட் ஆகுது. கல்மண்டபத்துல ரோடு தாண்டறவங்களுக்கு அந்த அஞ்சு செகண்ட்டோட அருமை தெரியும். கீழ விழுறதும் திறந்தவங்களுக்குக் குறைவு, 24 சதவீதம், மூடினவங்களுக்கு 46.

ஆனா அதே ஆராய்ச்சியில ஞாபகசக்தி மதிப்பெண்லயும் மூத்திர அவசரத்துலயும் மூணு மாசத்துல உறுதியாச் சொல்ற மாதிரி வித்தியாசம் இல்ல. மூளையைச் சுத்தி ரத்தம் கசியறது திறந்தவங்கள்ல 12 சதவீதம், மூடினவங்கள்ல 2. எழுந்தா தலைவலி, திறந்தவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு.

எங்க வீட்ல நடந்தது கிட்டத்தட்ட இதேதான். நடை வந்துச்சு. இப்ப தெருமுனை வரைக்கும் போறாங்க, மீன்காரங்களோட வம்பிழுக்கறாங்க, "இது நேத்து மீனு, கண்ணைப் பாரு"ங்கறாங்க. ராத்திரி நனையறது நிறைய குறைஞ்சுது, முழுசா நிக்கல. சில்லறைக் கணக்கு திரும்பல. தங்கச்சி இன்னிக்கும் சொல்றா, "அம்மா வரலயே, அம்மாவோட காலுதானே வந்துச்சு"ன்னு. அவ வெளியூர்ல இருக்கா, வீடியோ கால்ல பாக்கறா. பேசறதுல குறை தெரியுது அவளுக்கு. கூட இருக்கற எனக்கு, ராத்திரி அவங்களைத் தூக்கி உக்கார வெக்க வேண்டியதில்லங்கறது தெரியுது. ரெண்டும் சரிதான். நான் சில நாள் அவ பக்கம் சாய்வேன், மறுநாள் அம்மா தானா எழுந்து குடத்தடிக்குப் போறதைப் பாத்துட்டு மறுபடி என் பக்கமே வந்துடுவேன்.

அதனால மாமனாரைக் கேளுங்க. யாரும் அவரைக் கேட்ட மாதிரி தெரியல. அவருக்கு என்ன திரும்ப வேணும்? பெட்டிக்கடை வரை போறதா, ராத்திரி மானத்தோட தூங்கறதா, இல்ல சீட்டாட்டமா? முதல் ரெண்டுக்கு நம்பிக்கை வைக்கலாம், நடைக்கு அதிகமா. மூணாவதுக்கு ஆசை காட்டாதீங்க. மறதி ரொம்ப முத்தினப்புறம் போனா பலன் குறையுங்கறாங்க, அதனால யோசிக்கறேன்னு வருஷக்கணக்கா இழுக்கவும் வேணாம்.

காசிமேடு கருவாடு | 05.12.2025, காலை 7.10

அமெரிக்கப் பாட்டுக்காரர் பில்லி ஜோயல் 2025 மே மாசம் தனக்கு இந்த வியாதின்னு அறிவிச்சு கச்சேரியெல்லாம் ரத்து பண்ணார். அதுக்கப்புறம் என் மருமகப் பிள்ளை அம்மாவை "ராக் ஸ்டார் ஆயா"ன்னுதான் கூப்பிடறான். அம்மா ஏதோ சினிமா பேருன்னு நினைச்சுக்கிட்டாங்க.

காசிமேடு கருவாடு | 14.12.2025, இரவு 9.30

காசு விஷயம். தலையிலருந்து வயித்துக்குக் குழாய் போடறது வி.பி. ஷன்ட். மண்டையில ஒரு சின்ன துளை, அங்கிருந்து காதுக்குப் பின்னால தோலுக்கடியில வால்வ், கழுத்து, நெஞ்சு வழியா தோலுக்கடியிலயே வயித்துக்குள்ள. வயிறு அந்த நீரை உறிஞ்சிக்கும். வெளிய பையெல்லாம் தொங்காது. மாமியாரம்மாவுக்கு இதைப் படம் வரைஞ்சு காட்டுங்க.

வால்வ் ரெண்டு வகை. அளவு மாறாதது ஒண்ணு. உத்தரப் பிரதேசம் ஷாஜகான்பூர்ல செய்யற சப்ரா ஷன்ட் நம்ம நாட்டுல ரொம்பப் புழக்கம், விலை குறைவு. இன்னொண்ணு வெளியிலருந்து காந்தக் கருவியால அளவு மாத்தக்கூடியது, ப்ரோக்ராமபிள், விலை பல மடங்கு. எங்கம்மாவுக்கு வெச்சது ரெண்டாவது, வீட்டு நகை வெச்சுத்தான். அவசியமான்னு அப்ப சந்தேகம். கொஞ்ச வாரத்துல எழுந்து உக்காந்தா மண்டை வலி, படுத்தா போயிடும். சி.டி. எடுத்தா மூளையைச் சுத்தி மெல்லிசா நீர் தேங்கல். நீர் அதிகமா வடியுதுன்னு அர்த்தம். ஓ.பி.யிலேயே உக்கார வெச்சு கருவியைக் காதுக்குப் பின்னால வெச்சு ஒரு படி இறுக்கினாங்க. கத்தியே படல. தேங்கல் மெல்ல வத்திப்போச்சு. அளவு மாறாத வால்வா இருந்தா மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வந்திருக்கலாம். அதுக்காக சப்ரா வெச்சவங்க நல்லா இல்லன்னு இல்ல. எங்க தெருவுலயே ஒரு தாத்தா நல்லா இருக்கார், என்னைவிட வேகமா நடக்கறார், கேலி வேற பண்றார்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா ஆஸ்பத்திரி காப்பீட்டு அறையில முன்னாடியே கேளுங்க. "ஷன்ட் உண்டா"ன்னு மட்டும் கேட்டா உண்டும்பாங்க. எந்த வால்வ், வித்தியாசப் பணம் யார் கட்டறது, ரெண்டையும் சேத்துக் கேளுங்க. 70 தாண்டினவங்களுக்கு வருமானம் பாக்காத ஆயுஷ்மான் அட்டை இருக்கு, அதையும் விசாரிங்க. வீட்டுக்கு வந்தப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ வருவாங்க. ஷன்ட் வெச்சா போதும், கால் தானா நடக்கும்னு விட்டுடாதீங்க. மாசக்கணக்கா நடக்காத தொடை அது.

காசிமேடு கருவாடு | 21.12.2025, இரவு 10.50

ஆபரேஷன் தேதி குறிச்சாச்சுன்னு பாத்தேன். வீட்டுக்கு வந்தப்புறம் எதுக்குப் பயப்படணும்னு கேட்டீங்க. காய்ச்சல், குழாய் போற வழியில தோல் சிவந்து வலிக்கிறது, வயித்து வலி வந்தா கிருமி சந்தேகம். எழுந்தா தலைவலி, படுத்தா நிம்மதின்னா அதிகமா வடியுது. திடீர்னு தூக்கமா கிடக்கறார், பேச்சு குளறுது, ஒரு பக்கம் தளருது, கீழ விழுந்து தலையில அடிபட்டார்னா விடியட்டும்னு பாக்காம உடனே எமர்ஜென்சி. அப்புறம் மாசக்கணக்குல நல்லா நடந்தவர் மெல்ல மறுபடி கால் தேய்க்க ஆரம்பிச்சா, வயசுன்னு சொல்லாதீங்க. குழாய் அடைச்சிருக்கலாம், வால்வ் அளவு மாறியிருக்கலாம். அந்தப் பழைய வீடியோவை அழிக்காம வைங்க, ஒப்பிட உதவும்.

கொருக்குப்பேட்டை மருமகன் | 18.01.2026, மாலை 6.20

ஷன்ட் வெச்சு வீட்டுக்கு வந்துட்டார். நடை தேறியிருக்கு, திரும்பும்போது இன்னும் பிடிச்சுக்கணும். மச்சானே பிசியோவுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார்! ரெண்டு சந்தேகம். வீட்ல ஸ்பீக்கர், மொபைல், ஃபிரிட்ஜ் காந்தம் எல்லாம் ஆகுமா? மாமியார் திருப்பதியில மொட்டை போடறதா வேண்டியிருக்காங்க, அவருக்கு.

காசிமேடு கருவாடு | 18.01.2026, இரவு 9.15

மச்சானுக்கு என் வணக்கம்.

ப்ரோக்ராமபிள் வால்வ்னா காந்தத்தைக் காதுக்குப் பின்னால கொண்டு போகக்கூடாது. ரூம்ல ஸ்பீக்கர் இருந்தா ஒண்ணும் ஆகாது, அதுமேல தலை வெச்சுப் படுக்கக்கூடாது. போனை எதிர்ப்பக்கக் காதுல பேசச் சொல்லுங்க. எம்.ஆர்.ஐ. எப்ப எடுத்தாலும் முன்னாடியே வால்வ் இருக்குன்னு சொல்லணும், சில மாடல்ல அளவு நகந்துடும், எடுத்து முடிச்சதும் செக் பண்ணணும்.

மொட்டை: காயம் முழுசா ஆறி, அறுவை டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான். கத்தி வைக்கறவர்கிட்ட காதுக்குப் பின்னால வால்வ் இருக்கற மேட்டைத் தொட்டுக் காட்டி, அங்க மெதுவான்னு சொல்லிடணும். எங்கம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பாதித் தலை வழிச்சப்ப, "அம்மனுக்கே குடுக்காத முடி, ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேனே"ன்னு ஒரே பொலம்பல். மீதியை ஒத்தியூர் வடிவுடையம்மனுக்குக் குடுத்துடலாம்னேன். பாதி மொட்டை அம்மன் ஏத்துக்காதாம்.

வால்வோட கார்டு ஒண்ணு குடுத்திருப்பாங்க, மாடலும் அளவும் எழுதி. அதை ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு மாமனார் பர்ஸ்ல, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு மச்சான்கிட்ட. அசலை பீரோவுல வைங்க.